சந்திரம்மாள் கற்பூரம் ஏற்றிய பள்ளம்

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை டீக்கடை எதிரில் ஜீப் நின்றது. இறங்கிய ரோடு இன்ஜினியர் அருணாதேவி, நடுரோட்டுப் பள்ளத்தின் அருகில் குந்தி அதைச் சுற்றிச் சாக்பீஸால் சதுரம் போட்டாள். பௌர்ணமிக்குச் சனம் வெறுங்காலோடு மலை சுற்ற வரும்முன் எதையெல்லாம் வெட்டி ஒட்டுவது என்று பார்க்க வந்தவள்.

"சுத்தி எங்கயும் ரோடு கெடல. இங்க மட்டும் எப்படி?"

ரோலர் ஓட்டும் சக்திவேல் சிரித்தான். "இதுல கொட்டின தாருக்கு வேட்டவலம் வரைக்கும் ரோடு போட்டிருக்கலாம் மேடம். மூடுறோம், தொறந்துக்குது."

அருணாதேவி ஓரத்தைச் சுரண்டி முகர்ந்தாள். கற்பூர வாசனை.

"இங்க யாரு ஏத்துறது?"

டீக்கடை சந்திரம்மாள் பாய்லரை விட்டு வந்தாள். "நான்தான் கண்ணு. எம்புள்ள விமல்ராஜ் வண்டியோட விழுந்து செத்த எடம். தெனம் சாயங்காலம் ஏத்துவேன்."

"அந்தச் சூட்டுல தாரு எளகிடுதும்மா. மேல லாரி ஏறினா பேந்துக்குது. பள்ளத்த நீங்கதான்..."

முடிக்கவில்லை. சந்திரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன மாசம் இதுல ஒரு காலேஜ் பொண்ணு விழுந்து காலை ஒடச்சிக்கிச்சே. அதுவும் என்னாலயா?"

அருணாதேவி சாக்பீஸைப் பையில் போட்டாள்.

"இனிமே ரோட்டோரமா ஏத்துங்கம்மா."

"ஓரமா ஏத்தினா அவனுக்குத் தெரியாது கண்ணு." குரல் தாழ்ந்தது. "அந்த வெளிச்சத்தப் பாத்துதான் வரான். காத்தே இல்லாதப்ப சுடரு எம்பக்கம் சாயும். எம்மடியில சில்லுனு தலைய வச்சிப்பான்."

சந்திரம்மாள் குனிந்து பள்ளத்தின் ஓரத்தைக் கையால் தடவினாள்.

"மூடிடுங்க. இன்னொருத்தி புள்ள விழக் கூடாது."

மறுநாள் வெட்டி, கலவை கொட்டி, ரோலர் ஏற்றினார்கள். வேலை முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ரோடு சமம். சுற்றிலும் தடுப்பு. சந்திரம்மாள் ஓரக் கல்லில் கற்பூரம் ஏற்றினாள். சுடர் ஆடாமல் நேராக எரிந்தது.

எரிந்து தீர்ந்தது.

"வரல கண்ணு."

தடுப்புக்குள் ஏதோ சத்தம். ஈரச் சாக்கை இழுப்பது போல.

புதுத் தார் ஒரு இடத்தில் மெல்ல எழும்பியது.

ஒரு தலை அளவுக்கு.

தாழ்ந்தது. மறுபடி எழும்பியது.

"மேடம்... நான் நல்லாத்தான் ரோலர் ஏத்தினேன்." சக்திவேல் பின்வாங்கினான்.

"வெட்டி எடுத்துடலாமாம்மா?" அருணாதேவி கேட்டாள்.

"எடுத்தா பள்ளமாயிடுமே."

சந்திரம்மாள் தடுப்பைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் தார் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் கை வைத்த இடம் மட்டும் சில்லென்றிருந்தது.

"தூங்குப்பா. அம்மா இங்கதான் இருக்கேன்."

தட்டிக்கொடுத்தாள். மேடு கொஞ்சங்கொஞ்சமாகப் படிந்தது.

"அடங்கிடுச்சும்மா. எழுந்து வந்துடுங்க." அருணாதேவி கூப்பிட்டாள்.

சந்திரம்மாள் கையை எடுத்தாள்.

தார் எழும்பி, அந்தக் கையைத் தேடியது.