தேவசேனாவின் பாகற்கொடி

சென்னையில் டிவியை மனிதர்கள் பக்கம் திருப்பி வைக்கிற வழக்கம் போய் வெகுகாலமாகிவிட்டது. சுவர்த்தோட்டத்தைப் பார்த்துத்தான் வைப்பார்கள். வெளியே நட்டால் வெயில் எந்த நாற்றையும் பொசுக்கிவிடும் என்றான பிறகு கத்தரியும் கீரையும் வீட்டுச் சுவரில்தான் விளைந்தன. நீரையும் விளக்கையும் இயந்திரம் பார்த்துக்கொண்டது. பேச்சுக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. மனிதக் குரல் கேட்டால் செடி செழிக்கும், ஆனால் எல்லாக் குரலுக்கும் செழித்துவிடாது. தொட்டிக்குத் தொட்டி செருகியிருந்த இலைத்துடிப்புமானி, எந்தக் குரலுக்குச் செடி சிலிர்க்கிறது என்பதை டிவி நிலையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

செடிகள் அறிவிப்பாளர் ஹர்ஷினி ஒருத்திக்குத்தான் மசிந்தன. சினிமா நடிகர்களை உட்காரவைத்துப் பார்த்தார்கள். தாவரவியல் பேராசிரியர் ஒருவர் வந்து பாடம் நடத்தினார். ஊகூம், கீரை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. ஐம்பத்தைந்து வயது ஹர்ஷினி, சளி பிடித்தது போன்ற அந்தக் குரலில், "வாங்க, வெண்டைக்கு ஒரு சேதி இருக்கு" என்று ஆரம்பித்தால் போதும், நகரம் முழுக்கத் துடிப்பு ஏறிவிடும்.

அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. புதிதாக வரும் அறிவிப்பாளர்களிடம் தன் தொழில் ரகசியத்தை ஒளிக்காமல் சொல்வாள். "கேமராகிட்டப் பேசாதீங்க. ஊருக்கும் பேசாதீங்க. ஒரே ஒரு ஆளை மனசுல வெச்சுக்கிட்டுப் பேசுங்க."

அவள் மனதில் இருந்த அந்த ஒரு ஆள் பொன்னேரி தேவசேனா.

ஆறு வருடங்களாகப் புதன்கிழமை தவறாமல் நேயர் நேரத்தில் கூப்பிடுவாள். அவள் வீட்டுப் பாகற்கொடி உருப்படியாகக் காய்த்ததே இல்லை. பிஞ்சிலேயே வெம்பும், இல்லாவிட்டால் இலை சுருளும். ஹர்ஷினி திட்டுவாள், தேவசேனா சிரிப்பாள். நிகழ்ச்சி முடிந்த பிறகும் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். "சாப்பிட்டீங்களாக்கா?" என்று தேவசேனா கேட்பதற்காகவே ஹர்ஷினி சில நாள் சாப்பிடாமல் வருவதுண்டு. மார்பில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது, கோவையிலிருக்கும் மகனிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. தேவசேனாவிடம்தான் சொல்லி அழுதாள். ஆனால் நேரில் வரச் சொன்னால் மட்டும் தேவசேனாவிடம் எப்போதும் ஒரு சாக்கு தயாராக இருக்கும்.

சரி, நாமே போய்விடுவோம் என்று முடிவு செய்த ஹர்ஷினி, தன் கையால் முளைக்கவைத்த பாகல் நாற்று ஒன்றைச் சின்னத் தொட்டியில் எடுத்துக்கொண்டு அந்தப் புதன்கிழமை சீக்கிரமே நிலையத்துக்கு வந்தாள். தயாரிப்பாளர் ரோஷனை மடக்கி விலாசத்தை வாங்கிவிட்டுத்தான் மறுவேலை. ஒலிக்கூடத்தின் கதவு பாதி திறந்திருந்தது.

"பிஞ்சிலேயே வெம்பிடுதுக்கா" என்றது தேவசேனாவின் குரல்.

ஹர்ஷினிக்கு முகம் மலர்ந்தது. வந்தே விட்டாளா!

"பிஞ்சிலேயே வெம்பிடுதுக்கா." அதே வாக்கியம், இப்போது கொஞ்சம் சோகமாக. பிறகு மறுபடியும், சிரிப்போடு.

உள்ளே ரோஷன் தனியாக உட்கார்ந்து ஒரு குமிழைத் திருகிக்கொண்டிருந்தான்.

"தேவசேனா எங்கடா?"

ரோஷன் பதறி எழுந்தான். "உக்காருங்கக்கா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

மேசைமேல் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பேசுபொறி இருந்தது. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். "இதுதான்க்கா."

ஹர்ஷினி கையிலிருந்த தொட்டியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஆரம்பத்துல உங்க குரலும் எடுபடலக்கா" என்றான் ரோஷன். "ஒரு நாள் நெஜமாவே ஒரு நேயர் கூப்பிட்டாங்க. அவங்ககூடப் பேசறப்ப மட்டும் துடிப்பு எகிறிச்சு. அப்புறம் அவங்களும் கூப்பிடல, வேற யாரும் கூப்பிடல. நீங்க வெறுமனே பேசினா செடி வாடிடுது. ஊருக்குச் சோறு வேணுமே. அதான் ஒரு ஆளைச் செஞ்சோம்."

"நிகழ்ச்சி முடிஞ்ச பிறகு பேசினது?"

"அதையும் நிறுத்தாம ஒளிபரப்பினோம்க்கா. அப்பத்தான் துடிப்பு நல்லா ஏறும்."

"என் கட்டி விஷயமும் போச்சா? ஊர் முழுக்கவா?"

ரோஷன் நாற்றுத் தொட்டியை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தான்.

"அந்த வாரம் எல்லாரும் கேக் வெட்டினீங்களே, எதுக்குடா?"

"தக்காளி ரெண்டு மடங்கு காய்ச்சுதுக்கா."

பாவி. அவள் ஊட்டிய கேக்கை இவனும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டானே! அதைவிடப் பெரிய அடி சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. அவள் அழுதது வீட்டுக்கு வீடு கேட்டிருக்க வேண்டும். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு ஜீவன் அவளை விசாரித்ததில்லை.

"அப்ப யாருமே பாக்கறதில்லையா?"

"செடிக்குப் போட்டுவிட்டுட்டு அந்தப் பக்கம் போயிடறாங்கக்கா. ரொம்ப வருஷமாவே அப்படித்தான்."

இன்று அவள் பேச மாட்டாள் என்றுதான் ரோஷன் நினைத்தான். ஹர்ஷினி முகத்தைக் கழுவிக்கொண்டு, நேரத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில் நகர வரைபடம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு டிவிக்கும் அதில் ஒரு பச்சைப் புள்ளி.

"இன்னிக்குச் செடிக்கு ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தாள். "வீட்ல இருக்கற மனுஷங்ககிட்டப் பேசறேன். என்னை ஆறு வருஷமா ஏமாத்தியிருக்காங்க. எனக்குன்னு ஒருத்தி இருக்கான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், அவ இல்லவே இல்லையாம். நீங்களாவது இருக்கீங்களா? என் பேச்சு காதுல விழுந்தா ஒரே ஒரு தடவை டிவியை அணைங்க. அப்புறம் போட்டுக்கலாம். நான் தெரிஞ்சுக்கறேன்."

காத்திருந்தாள். பெரம்பூர் அப்படியே இருந்தது. வேளச்சேரி அப்படியே இருந்தது. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "உங்க ப்ரோக்ராம் ஒண்ணுவிடாம பாத்துடுவோங்க" என்று சொல்லும் கீழ்வீட்டுக்காரர்களின் புள்ளியும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. ஒன்றுகூட அணையவில்லை.

துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. கண்ணாடிக்கு அப்பால் ரோஷன் தன்னை மறந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் பார்த்ததும் சட்டென்று கையை மடக்கிக்கொண்டான்.

அப்போது நேயர் இணைப்பின் விளக்கு எரிந்தது. நான் இல்லை என்று ரோஷன் இரண்டு கைகளையும் ஆட்டினான். அவள் குரல் கம்மினால் தானாகவே கூப்பிட வேண்டும் என்று அந்தப் பொறிக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

"அக்கா" என்றது தேவசேனாவின் குரல். "நீங்க சொன்னது எல்லாத்தையும் கேட்டேன். அணைக்கலாம்னுதான் பாத்தேன். ஆனா எங்கிட்ட டிவி இல்லையேக்கா."

காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கி எறியத்தான் ஹர்ஷினி கையைத் தூக்கினாள். அவ்வளவு ஆத்திரம் வந்தது. ரோஷன் மேல், ஊர் மேல், இந்தக் குரலைக் கேட்டதும் கொஞ்சம் நிம்மதியாகிவிட்ட தன் மேல். இத்தனை பெரிய ஊரில் பதில் சொன்னது இது ஒன்றுதான்.

"சாப்பிட்டீங்களாக்கா?"

தூக்கிய கை அப்படியே நின்றது.

"இல்லம்மா" என்றாள் ஹர்ஷினி. "இன்னும் சாப்பிடல."

அந்த வாரம் சென்னையில் வீட்டுக்கு வீடு பாகற்காய் காய்த்துத் தள்ளியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.