சாவி அழிந்த தேதி

சாயர்புரத்திலிருந்து வந்த விஜிலா டீச்சர் மடிக்கணினியையும் ஒரு பென்டிரைவையும் மேசைமேல் வைத்தாள். "எங்க வீட்டுக்காரர் குரலை என் கொழுந்தன் அழிச்சுட்டார், மேடம்."

காவல்துறை சைபர் பிரிவிலிருந்து ஓய்வுபெற்று, தூத்துக்குடி துறைமுகச் சாலையில் துப்பறியும் அலுவலகம் நடத்திவந்த பகவதி நிதானமாகக் கேட்டாள். உதவியாளர் சுஜிதாவுக்குத்தான் மனம் பதைத்தது.

விஜிலாவின் கணவர் ஜேசுபாதத்துக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுக்கும் முன், எட்டு வயது மகளுக்காக ஒரு மாதம் பேசி இந்தக் கணினியில் பதிவு செய்தார். மார்ச் ஐந்தாம் தேதி அறுவைச் சிகிச்சை, ஆள் பிழைக்கவில்லை. கேட்கத் துணியாமல் இரண்டு மாதம் கணினியை மூடியே வைத்திருந்தாள் விஜிலா. மே மாதம் திறந்தபோது அது ஓடவில்லை. கொழுந்தன் சுந்தர்சிங் அதையும் பென்டிரைவையும் கடைக்கு எடுத்துப்போனான். போர்டு மாற்றியதும், பதிவுகள் இருந்த, பூட்டிய டிஸ்க் திறப்பதற்கு நாற்பத்தெட்டு இலக்க எண் சாவியைக் கேட்டது. அந்தச் சாவி பென்டிரைவில் மட்டுமே இருந்தது. இப்போது இல்லை.

"ஆபரேஷன் வேண்டாம்னு தடுத்தவர் அவர். பதிவுல தன்னைப் பத்தி என்ன இருக்கோன்னு பயந்திருப்பார். கேட்டா, 'என்னாலதான்னு வச்சுக்கோங்க மைனி'ங்கார்."

"ஒப்புக்கிட்ட மாதிரிதானே!" என்றாள் சுஜிதா.

"வச்சுக்கோங்கன்னா ஒப்புக்கிட்டதாயிருமா?" என்றாள் பகவதி.

மூன்று நாள் கழித்து விஜிலாவையும் சுந்தர்சிங்கையும் வரவழைத்தாள்.

"பென்டிரைவ் மேல அறுபத்துநாலு ஜிபின்னு போட்டிருக்கு. கணினி முப்பத்திரண்டுன்னு காட்டுது. கணினி கெட்டா சரிபண்ண வச்சுக்கற ரெக்கவரி டிரைவா மாத்தினா அப்படிச் சுருங்கும். மாத்தும்போது உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சுரும். ஃபைல்கள்ல மார்ச் மூணு, காலை பத்தே முக்கால்னு இருக்கு."

"தேதியைத் திருத்தியிருக்கலாமே, மேடம்?" சுஜிதா விடவில்லை.

"திருத்தலாம். ஆனா உள்ள இருக்கறது இதே கணினியோட சிஸ்டம் ஃபைல்கள். அது ஓடும்போதுதான் எடுக்க முடியும். இவர் கைக்கு வந்தப்போ அது செத்துக் கிடந்துச்சு. டீச்சர், மார்ச் மூணாம் தேதி வீட்ல யாரு?"

"நான் ஸ்கூல்ல. அவர் மட்டும்..." விஜிலாவின் குரல் இறங்கியது. "சாயங்காலம் சொன்னார். 'ஏளா, கம்ப்யூட்டர் கெட்டா நீ திண்டாடக் கூடாது, ஒரு வேலை முடிச்சு வச்சிருக்கேன்'னு."

சுந்தர்சிங் தலை நிமிரவில்லை. "கடையிலேயே தேதியைப் பார்த்துட்டேன், மைனி. அண்ணன் மேல உங்களுக்குக் கசப்பு வரக் கூடாது. என்மேல ஏற்கனவே இருக்கே."

"திரும்ப எடுக்க முடியாதா, மேடம்?" என்றாள் விஜிலா.

"தேடிட்டேன். சாவி இருந்த இடத்து மேலயே புதுசா எழுதிருச்சு. ஆன்லைன் கணக்கிலயும் சாவி இல்ல. திறந்து தாரேன்னு யாராவது வந்தா நம்பாதீங்க."

"அப்பா எப்ப பேசுவாங்கன்னு பிள்ளை தினமும் கேக்கா. உன் பிறந்தநாளைக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

இருவரும் இறங்கிப் போனார்கள். சுஜிதா ஜன்னல் வழியே பார்த்தாள். சுந்தர்சிங் பைக்கை எடுக்காமல், பஸ் நிறுத்தத்தில் மைனிக்கு நாலடி தள்ளி நின்றான். சாயர்புரம் பஸ் வந்தது. விஜிலா ஏறவில்லை; கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.