நாற்பத்தேழாம் குழியின் நீர்மட்டம்

வறண்ட குழியில் அளவு மறுபடியும் ஏறியிருந்தது.

அசோக்குமார் லேப்டாப் திரையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான். மாமனார் நிலக்கரிச் சுரங்கத்துக்கு டூட்டிக்குப் போயிருந்தார். மனைவி மலர்விழி தோட்டத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்கு ஆளில்லை. ஆனாலும் மாமனார் குவார்ட்டர்ஸில் தங்கியிருக்கும் மாப்பிள்ளைக்குக் காலண்டர் சாமிகூட முறைப்பதாகத்தான் தோன்றும். "போஸ்டிங் வர்ற வரைக்கும்தான்" என்று அவன் சொல்லி வருஷங்கள் ஓடிவிட்டன. டவுன்ஷிப்பில் அவர்கள் பிளாக்கில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. தலையை மட்டும் ஆட்டுவார்கள். அதுதான் அவனுக்குத் தாங்காது.

வெளியே கேட்டால் சிஸ்டம் இன்ஜினியர். உள்ளே பார்த்தால், வடலூரிலிருக்கும் ஒரு சின்ன கான்ட்ராக்ட் ஆபீஸ் அனுப்பும் பழைய பதிவுகளைச் சலிக்கும் வேலை. நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் குழிகளின் மீட்டர் அளவுகள் மாதம் முடிந்து பல நாள் கழித்துத்தான் வரும். அசையாமல் நிற்கும் எண், காரணமில்லாமல் குதிக்கும் எண், இரண்டையும் 'செல்லாது' என்று குறிக்க வேண்டும்.

நாற்பத்தேழாம் குழி அவர்கள் தோட்டத்திலேயே, பலா மரத்தடியில் இருந்தது. குவார்ட்டர்ஸ் கட்டுவதற்கு முன்னால் இறக்கிய இரும்புக் குழாய்; ஓர் ஆளின் தோள் நுழையாது. மேலே மூடி, மூடிக்கு அடியில் மீட்டர். மலர்விழி துணி வாளியை அந்த மூடிமேல்தான் வைப்பாள்.

முதன்முதலாக அளவு ஏறியபோது அவன் சூப்பர்வைசர் பாலகுமாருக்குப் போன் செய்தான்.

"சார், நாப்பத்தேழுல தண்ணி ஏறுது."

"அது காஞ்ச குழி தம்பி. எங்க தாத்தா காலத்துலயே காஞ்சிடுச்சி. ராத்திரி தண்ணி எங்க ஏறுச்சின்னு நல்லா யோசிச்சிப் பாருங்க."

ஆபீஸ் சிரித்தது. சிரிப்பு வாட்ஸ்அப் வழியாக டவுன்ஷிப்புக்குள் வந்தது. பால் பூத்தில் பக்கத்து வீட்டு கோபாலகிருஷ்ணன், "என்ன மாப்ள, வூட்டுக்குப் படகு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். மாமனார் அன்று சாப்பிடும்போது தட்டைவிட்டு நிமிரவே இல்லை. அதற்குப் பிறகு நாற்பத்தேழு என்று வந்தாலே அசோக்குமார் பார்க்காமல் மொத்தமாகச் 'செல்லாது' போட்டுவிடுவான்.

இன்றைக்கு வேறு வழியில்லை. 'செல்லாது ரொம்ப இருக்கு. ஒவ்வொண்ணா பாத்து அனுப்புங்க, இல்லன்னா வேற ஆள் பாத்துக்குறோம்' என்று பாலகுமார் மெசேஜ் போட்டிருந்தார்.

தள்ளிவிட்ட எண்களையெல்லாம் அவன் திரும்பக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினான். ஜன்னல் வழியே ஈர நிலக்கரி புகையும் வாடை, பலா இலைகளின் சரசரப்பு, ஷிப்ட் முடிந்து போகும் பஸ்களின் தூரத்து உறுமல், இவற்றுக்கிடையே தோட்டத்துக் கொடியில் கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று வாளியில் விழும் சத்தம்.

தண்ணீரென்றால் சீராக ஏறும். இது ஒரு சாண் ஏறி நின்றது. இன்னொரு சாண் ஏறி நின்றது. சில இடங்களில் சட்டென்று வழுக்கிக் கீழே போய், அங்கேயே வெகுநேரம் கிடந்து, மறுபடி ஏறியது. கை தவறியவன் மூச்சு வாங்கிவிட்டு ஏறுவதுபோல.

பொழுது சாயும்போது மட்டும்தான் ஏறியது. மலர்விழி துணி எடுக்கும் நேரம். அவள் மேல்பட்டாம்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரம் முழுக்க எண் இம்மியும் அசையவில்லை. அவள் திரும்பிய அன்று வேகமாக ஏறியிருந்தது.

கடைசி வரிக்கு வந்தான். மூடிக்கு ஒரு முழம் கீழே.

அது போன மாதக் கடைசி.

இன்று இந்த மாதம் பாதி போய்விட்டது.

கிளிப் விழும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

எழுந்தான். பின்கதவு வரை போனான். வெளியே ஓடிப்போய்க் கத்தியிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் கோபாலகிருஷ்ணன் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்; ஹோஸ் பைப்பின் சீறல் கேட்டது. ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டால்? நாளைக்குப் பால் பூத்தில்? காது மடல் சுட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றான். நின்றான். பிறகுதான் தாழ்ப்பாளை விலக்கினான், சத்தம் வராமல்.

கொடியில் பாதித் துணி. வாளி கவிழ்ந்து கிடந்தது. மூடி, மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நிதானமாக, ஒழுங்காக.

"மலரு," என்றான். அப்போதும் குரலை அவன் உயர்த்தவில்லை.

குழாய்க்குள்ளிருந்து பதில் வந்தது. அவள் குரல்தான். அவனைப் போலவே அடங்கிய குரல்.

"மெதுவாப் பேசுங்க. பக்கத்து வூட்டுக்குக் கேக்கப்போவுது."

அசோக்குமார் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். சுவருக்கு அப்பால் தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. தோள் நுழையாத அந்தக் குழாயின் விளிம்பில், சிவப்பு ரப்பர் பேண்ட் போட்ட அவள் பின்னல் மட்டும் வெளியே கிடந்தது. ஒரு சாண் இறங்கியது. நின்றது. இன்னொரு சாண்.