விலக்குப் பட்டியல்

மத்தியானம் மூன்று நாற்பதுக்கு, யாரும் தொடாத அந்தக் கணினியின் விசிறி இரைய ஆரம்பித்தது. நேற்றும் மூன்று நாற்பதுக்குத்தான். முந்தாநாளும். சன்னலோரத்துக் குட்டி மேசையில், திரை அணைந்தபடி, ஏழு மாதமாகச் சும்மா கிடக்கிற பெட்டி அது. ஒரு வேலையும் கொடுக்காத பெட்டிக்கு இப்படி விழுந்தடித்து ஓட என்ன அவசியம்? பச்சை விளக்கு படபடவென்று சிமிட்டியது. சூடேறிய தூசியின் வாசனை அறை முழுக்கப் பரவியது. பதினோரு நிமிடம் கழித்து, மூன்று ஐம்பத்தொன்றுக்கு, யாரோ போதும் என்று சொன்ன மாதிரி எல்லாம் அடங்கியது.

எதிர்ச் சுவர் மேசையில் இருந்த அவள் வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தொழிலே இதுதான். வீட்டில் உட்கார்ந்தபடியே பல் மருத்துவமனை, பயண ஏஜென்சி, இரும்புக் கடை என்று யார் யாருடைய கணினிக்குள்ளோ நுழைந்து, ஒளிந்திருக்கும் வைரஸைத் தேடிப் பிடித்து வெளியே தள்ளுவாள். “தானா ஓடுது மேடம்” என்று யாராவது பதறினால், “தானா எதுவும் ஓடாது சார், யாரோ சொல்லித்தான் ஓடும்” என்று சிரிப்பாள். இப்போது அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. வேலை நேரம் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பவள். காதுவலி என்று மூன்று நாளாகக் கழற்றி வைத்திருந்தாள். அதனால்தான் இந்த இரைச்சலே கேட்டது. அதற்கு முன்னால் எத்தனை நாளாக ஓடியதோ, யாருக்குத் தெரியும்?

அது மகளுடைய கணினி. ஒன்பது வயது. வீட்டில் அவள் பெயர் வாலு. ஏழு மாதத்துக்கு முன்னால் வாலு போய்விட்டாள். அந்தக் கணினியை அணைக்க அம்மாவுக்குக் கை வரவில்லை. பார்சல் வண்டி ஓட்டுகிற புருஷன் தினமும் ஆறு மணிக்கு வந்து, அந்த மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் முகம் கழுவப் போவார். ஒரே ஒருநாள்தான், “அதை அணைச்சிடலாமேம்மா” என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டவர்தான்.

அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்தவரை அலுவலகத்தில் எல்லாரும் டாக்டர் என்பார்கள். அவருக்கு ஃபோன் போட்டாள்.

“மூணு தடவை ஸ்கேன் பண்ணிட்டேன் அண்ணா. சுத்தமா இருக்குன்னு சொல்லுது.”

“வெளிய ஏதாவது அனுப்புதா?”

“ஒரு துளி கூட இல்ல.”

“திருட வந்தவன் ஒண்ணும் எடுத்துட்டுப் போகலையா? ரொம்ப நல்லவனா இருக்கானே!” என்று சிரித்தவர், யாருடைய கணினி என்பது ஞாபகம் வந்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். “ஃபார்மேட் பண்ணிடும்மா. மொத்தமா துடைச்சிடு. பாப்பாவோட ஃபைலை மட்டும் முதல்ல வெளிய எடுத்து வெச்சுக்கோ.”

“அந்த ஃபைலுக்குள்ளயே இருந்துச்சுன்னா?”

“அப்ப அதையும் விட்டுடணும்மா. நகல் எடுத்தா வியாதியையும் சேர்த்துத்தான் எடுக்கிற. உனக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் நாற்பத்து மூன்று குரல் பதிவுகள் இருந்தன. வாலுவுக்குச் செய்தி வாசிப்பதில் பைத்தியம். திரையின் மேல் விளிம்பில் ஒரு மைக்கை மாட்டிக்கொண்டு, “வணக்கம். தலைப்புச் செய்திகள். அம்மா இன்று மறுபடியும் பாலைப் பொங்க விட்டார். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வெளியே போய்விட்டார்” என்று முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு படிப்பாள். அந்தக் குரல் உலகத்தில் வேறெங்கேயும் இல்லை. துடைத்தால் துடைத்ததுதான்.

ஆகவே துடைக்காமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கையால் தேடினாள். கணினி விழிக்கும்போது கூடவே விழிப்பவை எவை, எந்த வேலைக்கு நேரம் குறித்து வைத்திருக்கிறது என்று வரி வரியாகப் பார்த்தாள். மூன்று நாற்பது என்று எங்கேயும் இல்லை. கடைசியில், எந்த ஃபைல் எப்போது தொடப்படுகிறது என்று குறித்து வைக்கும் ஒரு நிரலைக் காவலுக்குப் போட்டாள். மறுநாள் மூன்று ஐம்பத்தொன்றுக்கு அது கொடுத்த குறிப்பில் எல்லாத் தடமும் ஒரே இடத்தில் போய் முடிந்தது. ‘செய்திகள்’ என்ற ஃபோல்டர். வாலுவின் குரல்கள்.

ஸ்கேனர் ஏன் அங்கே ஒன்றும் பார்க்கவில்லை என்பது உடனே புரிந்துவிட்டது. வாலு போன இரண்டாவது வாரம், ஸ்கேனர் ஒரு குரல் ஃபைலைச் சந்தேகப்பட்டுத் தனியே பூட்டி வைத்தது. அன்று அவள் பைத்தியம் பிடித்தவள் போல அழுது, அதை மீட்டு, அந்த ஃபோல்டரையே விலக்குப் பட்டியலில் சேர்த்தாள். இனி இதைத் தொடாதே, சோதிக்காதே, எது நடந்தாலும் கேட்காதே என்று ஸ்கேனருக்குச் சொல்லும் பட்டியல் அது. வாடிக்கையாளர் யாராவது இப்படிச் செய்திருந்தால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பாள்.

நாற்பத்து மூன்றாவது பதிவு ஒரு நிமிடம் பத்து விநாடிதான் இருந்தது. அவளுக்கு அது மனப்பாடம். இப்போது முப்பத்தாறு மணி நேரம் என்று காட்டியது.

ஓட விட்டாள். தலைப்புச் செய்திகள், பால், அப்பா. “இத்துடன் செய்திகள் முடிந்தன.” அதற்குப் பிறகு ஒரு அறையின் சத்தம் வந்தது. தூரத்தில் யாரோ தட்டச்சு செய்கிறார்கள். நாற்காலி கிறீச்சிடுகிறது. “ஒரு நிமிஷம் சார், இதோ பார்க்கிறேன்” என்று ஒரு பெண் குரல். அவள் குரல். இந்த அறை. தள்ளித் தள்ளிக் கேட்டாள். ஒவ்வொரு நாளிலிருந்தும் ஒரு பதினோரு நிமிடம், ஏழு மாதமாக, அவளுடைய முதுகுக்குப் பின்னாலிருந்து.

முதலில் நிம்மதிதான் வந்தது. ஒட்டுக்கேட்கிற வைரஸ், அவ்வளவுதானே, எத்தனை பார்த்திருக்கிறாள். எழுந்து மைக்கின் வயரைப் பிடுங்கி, மைக்கைச் சமையலறை டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அந்தப் பதினோரு நிமிடங்களின் அடியில், மைக்குக்கு மிகப் பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டதே, அதை மட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

மறுநாள் மூன்றரைக்கே குட்டி மேசை முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை வாலுவின் கணினியில் சொருகிக்கொண்டாள். வெளியே நல்ல வெயில். எதிர் வீட்டு மாடியில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. மூன்று நாற்பதுக்கு விசிறி கிளம்பியது. தூசி வாசனை. மைக் இல்லாத கணினியில், சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல ஏறியது.

மூச்சு.

விசில் கலந்த மூச்சு. இழுக்கும்போது சின்ன விசில், விடும்போது நீள விசில், நடுவில் எச்சில் விழுங்கும் சத்தம். நூறு பிள்ளைகள் இரைத்தாலும் தன் பிள்ளையின் இரைப்பு எது என்று அவளுக்குத் தெரியும். முதலில் பயம் வந்தது. பெற்ற குழந்தையைக் கண்டு பயப்படுகிறோமே என்ற வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்தப் பதினோரு நிமிடம் எது என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு மூன்று நாற்பதுக்குப் பள்ளி வண்டி வாசலில் நின்றது. அவள் காதில் ஹெட்போன், அதற்குள் கத்துகிற ஒரு வாடிக்கையாளர். வாலு பின்னால் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். இவள் திரும்பாமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். ஒரு நிமிஷம். அந்த அழைப்பு மூன்று ஐம்பத்தொன்றுக்கு முடிந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது. திரும்பியபோது வாலு இந்த மேசைக்குக் கீழே கிடந்தாள், பள்ளிப் பை பாதி கொட்டியபடி, மருந்து தீர்ந்துபோன ஆஸ்துமா பம்பு கையில். தூங்குகிறாள் என்று நினைத்துவிட்டேன் என்று புருஷனிடம் சொன்னாள். அவர் நம்பினார். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“அ… ம்மா” என்றது காதுக்குள்.

தாங்க முடியவில்லை. தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். பட்டியலைத் திறந்து, ‘செய்திகள்’ என்ற பெயரை விலக்கிலிருந்து எடுத்தாள். ஸ்கேனர் இதற்காகவே காத்திருந்த மாதிரி ஒரு சிவப்புப் பெட்டியைத் திறந்தது. ‘அபாயம் உள்ளது. நீக்கவா? பத்து விநாடியில் பதில் வராவிட்டால் தானாக நீக்கப்படும்.’ அந்தப் பத்து விநாடியும் அவள் வைத்ததுதான். யோசிக்க விட்டால் ஜனங்கள் கெடுத்துவிடுவார்கள் என்று எல்லாக் கணினியிலும் அப்படித்தான் வைப்பாள்.

‘ஆம்’ என்று அழுத்தினாள்.

எவ்வளவு நீக்கியாயிற்று என்று காட்டும் கோடு நகர்ந்தது. இருபது. நாற்பது. விசில் மெலிந்தது. அறுபது. மூச்சு மேலே ஏறி நின்றது, இறங்கவில்லை. மேசையின் அடியில் கால்கள் உதைக்கும் சத்தம். எண்பது. அன்றைக்கு இதைத்தான் அவள் கேட்காமல் விட்டாள்.

‘வேண்டாம்.’

கோடு நின்றது. மூச்சு இறங்கியது. மெதுவாக, பாவம், அழுது முடித்த பிள்ளை போல.

சிவப்புப் பெட்டி மறுபடியும் வந்தது. நீக்கவா? பத்து. ஒன்பது.

வேண்டாம்.

நீக்கவா?

விலக்குப் பட்டியலில் திரும்பச் சேர்க்க நாலு பக்கம் தாண்டி, கடவுச்சொல் போட வேண்டும். பாதி தட்டுவதற்குள் பெட்டி வந்து மறைத்தது. ஆறு தடவை முயன்றாள். ஒரு தடவை தாமதம். ஒரே விநாடி. காதுக்குள் கால்கள் உதைக்கும் சத்தம் வந்ததும் பாய்ந்து ‘வேண்டாம்’ அழுத்தினாள். அதற்குப் பிறகு முயலவில்லை.

மூன்று ஐம்பத்தொன்று ஆனது. நிற்கவில்லை. நாலு. ஃபோன் எதிர் மேசையில் அடித்து ஓய்ந்தது. வேண்டாம். ஐந்து. வெயில் மேசையை விட்டு இறங்கியது. மணிக்கட்டு மரத்தது. கண் எரிந்தது. வேண்டாம். வேண்டாம். வாலு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது.

“என்னம்மா, லைட்டு கூடப் போடாம?”

“தொடாதீங்க.”

அவர் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். சிவப்புப் பெட்டி வருவதையும், அவள் விரல் அதை விரட்டுவதையும், அது திரும்ப வருவதையும் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஏழு மாதம் பொறுத்திருந்த மனுஷன்.

“விட்டுடும்மா. அவ போயிட்டா.”

“நான் திரும்பல.” வேண்டாம். “அன்னிக்குக் கூப்பிட்டா. என்னைப் பிடிச்சு இழுத்தா.” வேண்டாம். “நான் திரும்பிப் பார்க்கலங்க.”

அவர் அழுதார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். ஹெட்போனுக்குள் மூச்சு ஒரு கணம் நின்று கவனித்தது. “அப்பாவா?” என்றது, அவ்வளவு ஆசையாக.

அவருக்கு அது கேட்கவில்லை. குனிந்து, மேசைக்குக் கீழே கையை விட்டு, பிளக்கைப் பிடுங்கினார்.

திரை இருண்டது. விசிறி நின்றது. பச்சை விளக்கு அணைந்தது. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே, “முடிஞ்சுதும்மா” என்றார்.

ஹெட்போனுக்குள் மூச்சு நிற்கவில்லை. இறுக ஆரம்பித்தது. விசில் மெலிந்தது. மேலே ஏறியது. இருண்ட திரையில் கேள்வி இல்லை, கோடு இல்லை, பதில் சொல்ல இடமே இல்லை. செத்த கணினியின் மவுஸை அவள் அழுத்தினாள். அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.