தம்பியிடம் தேறிய விளக்கு

என் தம்பிக்கு இரண்டரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். 'வாலு' என்றால்தான் திரும்புவான். அவன் கை பட்டு உருப்பட்ட பொருள் எங்கள் வீட்டில் எதுவுமில்லை.

அந்த வாலுதான் அப்பாவின் விளக்கைக் காப்பாற்றினான் என்றால் நம்புவீர்களா?

அப்பா பின்னறையில் ஒரு விளக்கு செய்திருந்தார். ஆமை வடிவம். குழந்தைகள் தூங்கும் அறையில் வைப்பதற்கு. ஆனால் பாதுகாப்பு முத்திரை இல்லாமல் அதை விற்க முடியாது. முத்திரை வேண்டுமென்றால் சோதனைக்கூடத்தில் தேற வேண்டும்.

முதல் முறை அங்கே சோதிப்பதற்கென்றே செய்த ஓர் இரும்பு விரலை ஆமையின் வாய்க்குள் விட்டார்களாம். அது உள்ளிருந்த மின்கம்பியைத் தொட்டுவிட்டது. அவுட்! இரண்டாம் முறை வயரை இழுத்தார்களாம். கையோடு வந்துவிட்டது. அதுவும் அவுட்!

இரண்டையும் அப்பா சரிசெய்துவிட்டார். மூன்றாவது சோதனை திங்கட்கிழமை. அதிலும் தோற்றால் அப்பா பழைய வேலைக்கே வெளியூர் போய்விடுவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். பெட்டிகூட அடுக்கி வாசலருகே வைத்தாயிற்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இந்தத் தடவை என்னப்பா செய்வாங்க?"

"யாருக்குத் தெரியும்? விரலை விடுவாங்க, இழுப்பாங்க, தட்டுவாங்க..."

"அட, வாலு தினமும் செய்யறதுதானே! அவன்கிட்ட கொடுத்துப் பாருங்களேன்."

"விளையாடறியா? அப்புறம் கொண்டுபோக விளக்கே இருக்காது!"

"உடைஞ்சா இங்கேயே உடையட்டுமேப்பா. சரி பண்ணிக்கலாம்."

அப்பா தலையைச் சொறிந்தார். "கரண்ட் மட்டும் வேண்டாம்" என்று அம்மா பிளக்கைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வாலு ஆமையின் வாயில் விரலை விட்டான். நுழையவில்லை. வயரை இழுத்தான். அம்மாதான் இழுபட்டு வந்தாள். வயர் வரவில்லை. கரண்டியால் ஓட்டில் அடித்தான். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். ஆமை அசையவில்லை.

பிறகு அதைக் கவிழ்த்தான். அடியில் இருந்த ஒட்டுத்தாளை நக்கினான். உரித்தான். தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டான்.

'ஈரக் கையால் தொடாதீர்' என்றது அவன் நெற்றி.

"ரொம்பச் சரி" என்றாள் அம்மா.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஒட்டுத்தாள்தானே, வேற ஒண்ணு ஒட்டிடலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எத்தனை வோல்ட்டுன்னு அதுலதானேப்பா இருக்கு? எல்லா வீட்டுலயும் ஒரு வாலு இருப்பான். அது போயிட்டா வாங்கினவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பாவின் சிரிப்பு நின்றது. அன்று மாலையே ஆமையின் அடியில் அத்தனை எழுத்தையும் செதுக்கிவிட்டார்.

திங்களன்று வாலுவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எல்லோருமே சோதனைக்கூடத்துக்குப் போனோம்.

அங்கிருந்த சோதனை அதிகாரி சிரிக்கவே மாட்டார் போலிருந்தது. இரும்பு விரலை விட்டார். நுழையவில்லை. வயரை இருபத்தைந்து முறை இழுத்தார். வரவில்லை. பிறகு ஈரத்துணியால் ஆமையின் அடியைத் தேய்த்தார். அதோடு விட்டாரா? பெட்ரோலில் நனைத்த துணியாலும் தேய்த்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

ஓர் எழுத்துகூட அழியவில்லை!

"தேறிடுச்சு" என்றார். "முன்னாடி ஒட்டுத்தாள்தானே இருந்தது? அது இந்நேரம் அழிஞ்சிருக்கும். செதுக்கணும்னு யார் சொன்னாங்க?"

அப்பா என்னைக் காட்டினார். நான் வாலுவைக் காட்டினேன்.

வாலு மேசைக்கடியில் இரும்பு விரலைக் கடித்துக்கொண்டிருந்தான். அதில் இருந்த ஒட்டுத்தாள் இப்போது அவன் நெற்றியில் இருந்தது: 'சோதிக்கப்பட்டது. குறை ஏதுமில்லை.'

"இதை மட்டும் நான் நம்பமாட்டேன் சார்" என்றாள் அம்மா.

சிரிக்காத அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே கையெழுத்தும் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வாலு வாசலருகே இருந்த அப்பாவின் பெட்டியைப் பிடித்து இழுத்தான். படக்கென்று கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"ஐயோ, பெட்டி போச்சே!" என்றாள் அம்மா.

"போனா போகட்டும்" என்று அப்பா எங்கள் இருவரையும் தூக்கிக்கொண்டார். "இனிமே அது எதுக்கு?"