பித்தளை விளக்குக்குள் ஓர் அறை

அந்தப் படத்தில் படம்பிடித்தவரைக் காணோம். அதுதான் முதலில் அவள் கண்ணை உறுத்தியது.

ரயில்வே அருங்காட்சியகத்துக்காகப் பழைய புகைப்படங்களைக் கணினியில் ஏற்றி, கறையும் கீறலும் நீக்கித் தருவது அவள் தொழில். கணவர் இறந்தபின் வீட்டிலேயே செய்கிறாள். அந்தப் படங்களில் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அந்தக் காலத்து மோட்டார் வண்டிகளுக்குப் பளபளக்கும் பித்தளை முகவிளக்குகள் உண்டு. பெரிதாக்கிப் பார்த்தால், கறுப்புத் துணிக்குள் குனிந்து படமெடுக்கும் மனிதர் அதில் கடுகளவு தெரிவார். ஆளரவமற்ற வீட்டில் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது அவளுக்கு ஒரு துணை மாதிரி.

இந்தப் படத்தின் விளக்கில் அவர் இல்லை. ஓர் அறை தெரிந்தது. ஜன்னல், மேசை, மேசை முன் ஒரு பெண்.

போன் அதிர்ந்தது. அக்கா.

“சாப்பிட்டியா?”

“ம்.”

“பொய் சொல்லாத. கொஞ்ச நாள் இங்க வந்து இரேன்டி.”

“இந்த வேலை முடியட்டும்க்கா.”

“உன் வேலை முடியறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்.”

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். விளக்குக்குள் இருந்த பெண்ணும் காதிலிருந்து எதையோ இறக்கி வைத்தாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மண்வாசனை வரவில்லை, நனைந்த கரியும் பெட்ரோலும் பழந்தோலும் கலந்த ஒரு நெடி, மூடிய ஜன்னலைத் தாண்டி மெல்ல அறைக்குள் இறங்கியது. படத்தில், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒருவன் நின்றான். நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. தோல் கையுறை. வண்டியோட்டி.

திரும்பிப் பார்த்தாள். கதவு. ஆணியில் கணவரின் மழைக்கோட்டு. வேறு ஒன்றுமில்லை.

மறுபடி படம். அவன் இன்னும் நெருங்கியிருந்தான். அவன் கை உயர்ந்திருந்தது.

தோளில் கனம் இறங்கியது.

கணவரை வழியனுப்பிய நாளுக்குப் பிறகு அவளை யாரும் தொட்டதில்லை. உதறிவிட வேண்டும் என்று தெரிந்தது. உதறவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

மழைச் சத்தம் நின்றது.

குளிர்காற்று. எங்கோ ஒரு ரயிலின் ஊதல்.

கண் திறந்தாள். முகத்துக்கு நேரே, அவள் தலையளவுக்குப் பெரிதாக, அந்த விளக்கு. அதற்குள் அவள் அறை. காலி நாற்காலி. மேசையில் போன் ஒளிர்ந்து துடித்துக்கொண்டிருந்தது. அக்காதான். சத்தம் மட்டும் கேட்கவில்லை.

கையை நீட்டினாள். கையில் நிறமே இல்லை, பழைய புகைப்படம்போல் வெறும் கறுப்பு வெள்ளை. விரல்கள் சில்லிட்ட பித்தளையில் முட்டி நின்றன.

பக்கத்தில் யாரோ வண்டியைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார்கள்.