விடாமல் மிதித்த பிரேக்

பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாவி பெலிக்ஸின் சட்டைப்பையில் இருந்தது. வண்டிக்குள் ஆளில்லை. ஆனாலும் அந்தப் பழைய வெள்ளைக் காரின் பின்பக்கத்து விளக்குகள் இரண்டும் எரிந்து ஷெட்டின் பின்சுவரைச் சிவப்பாக்கியிருந்தன.

பெலிக்ஸ் டீ டம்ளரைக் கீழே வைத்தார். யாராவது பெடலை மிதித்தால்தான் அந்த விளக்கு எரியும். மிதிக்க ஆளில்லாமல் எரிந்தால் பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். இருபத்தெட்டு வருஷம் ராஜபாளையத்தில் மெக்கானிக் ஷெட் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இதுகூடத் தெரியாதா? கதவைத் திறந்து, குனிந்து, ஸ்விட்சை விரலால் இரண்டு தட்டு தட்டினார். விளக்கு அணைந்தது. நிமிரும்போது மூக்கில் ஏறியது மழை வாசனை. நனைந்த சேலையும் செம்மண்ணும் சேர்ந்த ஈர வாசனை. வெளியே மாசி மாத வெயில் தகரக் கூரையைச் சுட்டுக்கொண்டிருந்தது. மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சீட்டுத் துணியெல்லாம் டிங்கரிங் கடையில் போன வாரம்தான் புதிதாகப் போட்டது.

வண்டி கனகலட்சுமி டீச்சருடையது. டீச்சர் இப்போது இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ராஜபாளையம் வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர் அவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டியைச் செகண்ட் ஹேண்டில் பார்த்து வாங்கிக் கொடுத்ததே பெலிக்ஸ்தான். அன்றைக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஏபிஎஸ் என்றால் என்னவென்று ஏதோ தானே கண்டுபிடித்தது போல விளக்கினார். மற்ற வண்டியில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், சுற்றாமல் வழுக்கிக்கொண்டே போகும், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கேட்காது. அதனால் விட்டு விட்டு மிதிக்க வேண்டும். ஏபிஎஸ் இருந்தால் அந்த வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும்.

"அழுத்தி மிதிச்சுக்கிட்டே இருங்க டீச்சர். காலுக்குக் கீழ கடகடன்னு உதறும். பயந்துபோயி காலை எடுத்துராதீங்க. என்ன ஆனாலும் விடாதீங்க."

"விடமாட்டேன் பெலிக்ஸ்" என்றார் டீச்சர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண்மணி.

போன சித்திரையில் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிய ஆரம்பித்தது. வேறொரு மெக்கானிக் பார்த்துவிட்டு, யூனிட் செத்துவிட்டது, கழற்றிப் போட்டுவிட்டுச் சாதாரண பிரேக்கில் ஓட்டுங்கள் என்று சொன்னாராம். அதைக் கேட்டு பெலிக்ஸ் டீச்சர் முன்னாலேயே சிரித்தார். "அவனுக்கு ஏபிஎஸ்ஸப் பத்தி என்ன தெரியும்? நான் சரி பண்ணித் தாரேன்" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். ஐந்து நாள் மல்லுக்கட்டினார். மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் அலைந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்த மெக்கானிக் சொன்னதையேதான் செய்தார். யூனிட்டைக் கழற்றி எறிந்துவிட்டு பைப்புகளை நேராகச் சக்கரங்களுக்கு இழுத்து இணைத்தார்.

அதுவரைக்கும் தப்பில்லை. ஏபிஎஸ் இல்லாத வண்டி ஊரில் ஆயிரம் ஓடுகிறது. டீச்சரைக் கூப்பிட்டு, என்னால முடியல, இனிமே விட்டு விட்டு மிதிங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாக்கு எழவில்லை. சிரித்த வாயல்லவா அது! எச்சரிக்கை விளக்கின் ஒயரை வெட்டி, ஆயில் விளக்கின் ஒயரோடு முறுக்கிவிட்டார். சாவி போட்டால் இரண்டும் எரியும், இன்ஜின் ஓடினால் இரண்டும் அணையும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும்.

"சரியாயிட்டு டீச்சர்" என்று சாவியைக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில், மடவார்விளாகம் வருவதற்கு முன்னால், ரோட்டில் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்திருக்கிறது. வண்டி பக்கவாட்டில் வழுக்கிப்போய்ப் பாலத்துச் சுவரில் ஓட்டுநர் பக்கமாக மோதியது. மழைதான் காரணம் என்றார்கள். ஆடு மேய்த்தவர்தான் காரணம் என்றார்கள். பெலிக்ஸ் பேர் யார் வாயிலும் வரவில்லை. வந்தது ஒரே ஒரு வாயில்தான். துஷ்டி வீட்டில் டீச்சரின் கணவர் சங்கரலிங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கதவை அறுத்துத்தான் எடுத்தாக பெலிக்ஸ். அப்பவும் காலு பிரேக்கு மேலதான் இருந்துச்சாம். ரெண்டு பேரு சேந்து இழுத்தும் வரலையாம். நீ சொல்லிக் குடுத்தத அம்புட்டு நெனப்பு வச்சிருந்திருக்கா பாத்துக்கிடு."

அன்றிலிருந்து பெலிக்ஸுக்குச் சோறு இறங்குவதில்லை. சர்ச்சில் எல்லோரும் முழங்கால் போடும்போது இவர் மட்டும் வாசலில் வண்டியைத் துடைக்கிற மாதிரி நின்றுகொண்டிருப்பார். வெட்கம் என்று சொன்னால் சின்ன வார்த்தையாகிவிடும். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சவரம் செய்ய முடியாமல் சலூனுக்குப் போக ஆரம்பித்திருந்தார்.

அந்த வண்டியை விற்க சங்கரலிங்கத்துக்கு மனசில்லை. மகள் இந்துவுக்கு அம்மா வேலை பார்த்த அதே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அதே ரோடு, அதே வண்டி. டிங்கரிங் முடிந்து, பிரேக்கைச் சரிபார்க்க நேற்று ஷெட்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டுபோய் விட வேண்டும்.

ஷெட்டின் பின்சுவர் மறுபடியும் சிவந்தது.

பெலிக்ஸ் நேராக பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. நல்லது. டம்ளரை எடுத்தார். டீயில் ஆடை படிந்திருந்தது. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டதால் ஷெட்டுக்குள் நேரத்துக்கு முன்பே மங்கல் வந்திருந்தது. தூரத்தில் மில் சங்கு ஊதி ஓய்ந்தது. அந்த அமைதியில் காருக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ரப்பரின் மேல் ஈரக் கால் அழுந்தும் சத்தம்.

கதவு அவர் திறந்து வைத்தபடியே இருந்தது. குனிந்து பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருட்டு. பெடல் மேலே இல்லை. தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது.

ஸ்பிரிங் உடைந்திருக்கும். அப்படித்தான் இருக்கும். கையை நீட்டித் தடவினார்.

குளிர்ந்தது.

பெடல் தட்டுப்படவில்லை. பெடலுக்கு மேல் ஏதோ இருந்தது. மெத்தென்று. ஈரமாக. ஒரு புடைப்பு. இன்னொன்று. விரல்கள். இரண்டாவது விரலில் சில்லென்று ஒரு வளையம். மெட்டி.

கையை இழுத்துக்கொண்டு பின்னால் விழுந்தார். எத்தனை நேரம் தரையில் கிடந்தாரோ தெரியாது. எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது பெடல் மட்டும்தான் இருந்தது, மேலே, இருக்க வேண்டிய இடத்தில். அவர் உள்ளங்கையில் மட்டும் செம்மண் சேறு ஒட்டியிருந்தது.

வீட்டில் மனைவி பரிபூரணம் தட்டை வைத்துவிட்டு அவர் கையைப் பார்த்தாள்.

"எம்புட்டு நேரமா கையைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க? என்ன அது?"

"ஆயிலு."

"போக மாட்டேங்குதே."

"செத்த நேரத்துல போயிரும்."

சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தார். பரிபூரணம் அவர் முகத்தைப் பார்த்த பார்வையில் இருபத்தைந்து வருஷ நம்பிக்கை இருந்தது. குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு வண்டியை எடுத்தபோது ஒரு முடிவோடுதான் எடுத்தார். சங்கரலிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. அடித்தால் வாங்கிக்கொள்வது. வழி நெடுகப் பேசிப் பார்த்துக்கொண்டே போனார். அண்ணாச்சி, ஒரு விஷயம். அண்ணாச்சி, என்னை மன்னிக்கணும். தென்னந்தோப்புகள் பின்னால் போயின, பஸ்கள் ஹாரன் அடித்து முந்தின, எல்லாம் வழக்கம் போலத்தான். ஆனால் பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோகும்போதெல்லாம் பெடல் அவருக்கு முன்னாலேயே கொஞ்சம் இறங்கியிருந்தது.

பாலம் வந்தது. புதிதாகப் பூசிய சுவரில் வெள்ளையடித்திருந்தார்கள்.

வண்டி தானாக வேகம் குறைந்தது. அவர் கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. அழுத்தினார். இன்ஜின் திணறியது. நின்றது. ஈர வாசனை கழுத்து வரைக்கும் ஏறியது. கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். பெடல் தரையில். மேலே யாருமில்லை. ரப்பரில் ஐந்து விரல் பதிந்த பள்ளம்.

"டீச்சர்" என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. "இன்னைக்குச் சொல்லிருதேன் டீச்சர். சத்தியமாச் சொல்லிருதேன். பிள்ளைய ஓட்ட விடமாட்டேன்."

பெடல் மெதுவாக மேலே வந்தது. பெலிக்ஸ் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். நாலு மாதத்தில் முதல் தடவையாக மனசு லேசானது.

சங்கரலிங்கத்தின் தெருவுக்குள் அவர் திரும்பியபோது வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள், சொந்தக்காரர்கள், தட்டில் சந்தனம், குங்குமம், மாலை. சங்கரலிங்கம் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார்.

"அண்ணாச்சி, தனியா ஒரு விஷயம்..."

"எல்லாம் பொறவு பேசிக்கிடுவோம், வா." தோளில் கை போட்டு எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். "இவரு கை பட்ட வண்டின்னா நான் கண்ண மூடிட்டு ஏறுவேன். பிரேக்குக்கு இவரை விட்டா இந்த ரெண்டு ஊருலயும் ஆளு கிடையாது. எங்க வீட்டுல அவளும் அதத்தான் சொல்லுவா."

யாரோ சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஒரு பெண் சக்கரங்களின் உச்சியில் சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். சங்கரலிங்கம் நாலு எலுமிச்சம்பழத்தை நாலு டயருக்கும் முன்னால் வைத்தார். வண்டி ஏறி நசுக்கிப்போனால் திருஷ்டி கழியும். இந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அம்மாவின் அதே நெற்றி.

"அங்கிள், பிரேக்க எப்படி மிதிக்கணும்? டிரைவிங் ஸ்கூல்ல விட்டு விட்டு மிதிக்கச் சொன்னாங்க."

கடவுளே கொண்டுவந்து கையில் வைத்த கேள்வி. ஆமா தாயி, அப்படியே மிதி. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

"அது ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கு. இதுல இருக்குல்ல?" என்றார் சங்கரலிங்கம், அவரைப் பார்த்துச் சிரித்து. கூட்டமும் சிரித்தது. ஒருவர் செல்போனில் படம் பிடித்தார்.

பெலிக்ஸுக்குக் காது அடைத்தது. முகமெல்லாம் சூடேறியது.

"இருக்கு" என்றார். "அழுத்தி மிதிச்சுக்கிட்டே இரும்மா. விடாத."

சொன்ன கணமே வண்டிக்குள்ளிருந்து ஈரம் வீசியது. இந்துவுக்குத் தெரியவில்லை. சாவியைத் திருப்பினாள். இரண்டு விளக்கும் எரிந்து, இரண்டும் அணைந்தன.

வண்டி நகர்ந்தது.

பழம் நசுங்கும் சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அது கேட்கவில்லை. இன்ஜின் சத்தம்கூட இல்லை.

"வழுக்கிக்கிட்டுல்ல போகுது" என்று சங்கரலிங்கம் பெருமையாகச் சொன்னார்.

தெரு மெயின் ரோட்டை நோக்கிச் சரிந்து இறங்கியது. அங்கே பஸ் ஒன்றின் ஹாரன் கேட்டது. பெலிக்ஸ் கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஓடப் பார்த்தார். கால் தரையை விட்டு எழவில்லை.

பிரேக் விளக்கு இரண்டும் எரிய, வண்டி வேகமெடுத்துக்கொண்டிருந்தது. காய்ந்த தார் ரோட்டில், நசுங்காத முழு எலுமிச்சம்பழங்கள் டயருக்கு முன்னால் தள்ளப்பட்டு உருண்டு போய்க்கொண்டிருந்தன. அந்தப் பெண் வைத்த சந்தனப் பொட்டு ஒவ்வொரு சக்கரத்தின் உச்சியிலும், வைத்த இடத்திலேயே, கொஞ்சமும் அசையாமல் இருந்தது.